யாரும் தொடலை... ஆனா அவுட்!

'டக்!'

அவ்வளவுதான் சத்தம். பக்கத்தில் நின்ற ரெஃப்ரிக்குக்கூடக் கேட்டிருக்காது. எனக்கு மட்டும் கேட்டது. இப்பவும் சில ராத்திரி கேட்கிறது.

வருஷம் 2016. நான் காலேஜ் செகண்ட் இயர். இன்டர் காலேஜ் கபடி, செமி ஃபைனல். ஒரே ஒரு பாயின்ட் பின்னாடி இருக்கோம். எதிர் கட்டத்தில் மூணே பேர். 'கபடி கபடி'ன்னு பாடிக்கிட்டே உள்ளே போனேன். இடது பக்கம் நின்றவனுக்குக் கை காட்டி ஏமாற்றிவிட்டு, சட்டென்று வலது பக்கம் வெட்டித் திரும்பினேன். இடது கால் மேட்டில் அழுத்தமாகப் பதிந்தது. உடம்பு திரும்பியது. முட்டி திரும்பவில்லை!

விழுந்து கிடக்கிறேன். "டேய், ஆக்டிங் குடுக்காதடா!"ன்னு கேலரியில் ஒரு குரல். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஏன்னா... எவனும் என்னைத் தொடவே இல்லை. தொட்டால்தான் அவுட்ங்கிற ஆட்டத்தில், யாரும் தொடாமலே அவுட் ஆனவன் நான்தான்.

அன்னிக்கு ராத்திரி எண்ணெய்க் கட்டு. மறுவாரம் ஸ்கேன். "முட்டி ஜவ்வு கிழிஞ்சிருக்கு தம்பி"ன்னார் டாக்டர். ஆபரேஷனுக்காக அம்மாவின் ரெண்டு வளையல் அடகுக்கடைக்குப் போச்சு. அடுத்த வருஷம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு செலக்‌ஷன் போகலாம்னு வைத்திருந்த கனவும் அதே கடைக்குத்தான் போச்சு. வளையலை மீட்டுட்டோம். கனவை மீட்க முடியலை.

சோகக் கதை போதும் பாஸ். மேட்டருக்கு வருவோம். இது என் ஒருத்தன் கதை இல்லை. உங்க காலேஜ் கபடி டீமில், ஃபுட்பால் டீமில், பாஸ்கெட்பால் டீமில் முட்டியில் பட்டை போட்டுக்கிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் கண்டிப்பாக இருப்பார். "எப்படி ஆச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் சொல்ற பதில் ஒண்ணுதான்: "யாரும் மோதலைடா... நானே திரும்பினேன், நானே விழுந்தேன்!"

இன்ஜின் பெருசு... பிரேக் எங்கே?

அந்த வயசில் நான் ஜிம்முக்குப் போகாதவன் இல்லை. தினமும் போனேன். திங்கள் மார்பு, செவ்வாய் பைசெப்ஸ், புதன் மறுபடியும் மார்பு! கண்ணாடியில் தெரிகிற தசைகளுக்கு மட்டும்தான் மரியாதை. காலுக்கு? "அதான் கிரவுண்டுல ஓடுறோமே"ன்னு ஒரு சமாதானம்.

அதாவது, பைக்கில் இன்ஜினைப் பெருசாக்கி, சைலன்ஸரை மாத்தி, ஸ்டிக்கர் ஒட்டி... பிரேக் ஷூ தேய்ஞ்சதை மட்டும் பார்க்காமல் விட்டவன் கதை.

டீம் கேம்ஸ் எல்லாமே பிரேக் அடிக்கிற ஆட்டம்தான். 100 மீட்டர் ஓட்டக்காரர் நேராக ஓடி மெதுவாக நிற்கலாம். கபடியில் ரெய்டருக்குக் கிடைப்பதோ 30 செகண்ட். அதுக்குள்ள 13 மீட்டருக்கு 10 மீட்டர் மேட்டின் ஒரு பாதியில், ஏழு பேருக்கு நடுவே பாய்ந்து, நின்று, திரும்பி, குதித்து வரணும். ஃபுட்பாலிலும் பாஸ்கெட்பாலிலும் இதே கதைதான். வேகம் எடுக்கும்போது முட்டி அவ்வளவா போறதில்லை. நிற்கும்போதும், திரும்பும்போதும், குதித்து இறங்கும்போதும்தான் போகுது.

முட்டிக்குள்ளே என்ன நடக்குது? தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்துக் கட்டியிருக்கிற முக்கியமான ஜவ்வுகளில் ஒன்று ஏ.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்னாடி நழுவாமல் இழுத்துப் பிடிப்பது இதன் வேலை. கால் தரையில் பதிந்திருக்க, முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து, கூடவே திருகினால்... 'டக்!'

இது எவ்வளவு நேரத்தில் நடக்குது தெரியுமா? ஹேண்ட்பால், பாஸ்கெட்பால் வீராங்கனைகளுக்கு ஏ.சி.எல். கிழிந்த வீடியோக்களை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்து ஆராய்ந்து, 2010-ல் ஒரு ஆய்வு வெளியானது. கால் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி செகண்டுக்குள் கிழிந்திருக்கும் என்றார்கள். கண் சிமிட்ட ஆகும் நேரத்தைவிடக் குறைவு! 'அய்யோ, முட்டி உள்ளே சாயுதே'ன்னு மூளை யோசிக்கிறதுக்குள்ள காரியம் முடிஞ்சிடும். அப்போ யோசித்துச் சரி செய்ய முடியாது. சரியாகக் கால் வைப்பது முன்னாடியே உடம்புக்குப் பழகியிருக்கணும்.

'ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங்' என்று பெரிய பெயர் வைத்து அழைக்கிறார்களே, அதில் பாதி இந்தப் பழக்கம்தான். ஆர்ம்ஸ் காட்டுவதற்கு இல்லை. பிரேக் பிடிப்பதற்கு.

நார்வே பொண்ணுங்க சொன்ன பாடம்

"இதெல்லாம் விதி மச்சான், நடக்கணும்னு இருந்தா நடக்கும்"னு சொல்றவங்களுக்காக இந்தப் பகுதி.

நார்வேயில் ஹேண்ட்பால் நம்ம ஊர் கபடி மாதிரி. அங்கே 15 முதல் 17 வயது வரை உள்ள 1,837 பேரை, பெரும்பாலும் பெண்களை, வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2005-ல் வெளியானது. 120 கிளப்களில் பாதிப் பேருக்கு வார்ம்-அப்பை மாற்றினார்கள். சரியாக இறங்குவது, சரியாகத் திரும்புவது, ஒற்றைக்காலில் பேலன்ஸ், கொஞ்சம் கால் பலம். மீதிப் பேர் வழக்கம்போல. சீசன் முடிவில், மாற்றிய அணிகளில் முட்டி, கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன.

இதே பாணியில் ஃபுட்பாலுக்காக உருவானது 'ஃபிஃபா 11+'. மொத்தம் 20 நிமிஷம்தான். முதல் 8 நிமிஷம் மெதுவான ஓட்டம், அடுத்த 10 நிமிஷம் பலம், குதித்தல், பேலன்ஸ், கடைசி 2 நிமிஷம் வேகமாக ஓடித் திரும்புதல். 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண்களிடம் சோதித்துப் பார்த்து 2008-ல் முடிவைச் சொன்னார்கள். மொத்தக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கும், பெரிய காயங்கள் கிட்டத்தட்ட பாதியும் குறைந்தன. ஜிம் கிடையாது, மெஷின் கிடையாது. ஒரு பந்து, ஒரு மைதானம்!

ஏன் பொண்ணுங்களை வைத்தே சோதனை? ஃபுட்பால், பாஸ்கெட்பால் மாதிரி ஒரே விளையாட்டை ஆடும்போதும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஜவ்வு கிழிவது ரெண்டு மூணு மடங்கு அதிகம். ஆனா நம்ம ஊரில் என்ன நடக்குது? "பொண்ணுங்களுக்கு எதுக்குமா வெயிட்டு? ரெண்டு ரவுண்டு ஓடிட்டுப் போங்க"ன்னு சொல்லிடுறாங்க. யாருக்கு அதிகம் தேவையோ, அவங்களுக்குத்தான் ஜிம் சாவி கிடைக்கிறதில்லை. தோழிகளே, சாவியைக் கேட்டு வாங்குங்க. தரலைன்னா 11+ செய்யச் சாவியே தேவையில்லை!

இன்னொரு முக்கியமான விஷயம். நார்வேயில் சோதனை நடந்த சீசன்களில் ஏ.சி.எல். காயங்கள் குறைந்தன. 'அதான் குறைஞ்சிடுச்சே'ன்னு பயிற்சியை விட்டதும் மறுபடியும் ஏறின. திரும்ப நாடு முழுக்கப் பயிற்சியைக் கொண்டு போன பிறகுதான் இறங்கின. ஆக, இது தடுப்பூசி மாதிரி ஒரு தடவை போட்டுக்கிட்டு மறந்துபோற சமாச்சாரம் இல்லை. பல் தேய்க்கிற மாதிரி!

செல்போனை எடுங்க... ஒரு டெஸ்ட்!

முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற ஒரு படி, அல்லது கிரவுண்ட் கேலரியின் முதல் படி. அதன் மேல் நில்லுங்க. நண்பன் எதிரே நின்று வீடியோ எடுக்கட்டும். படியிலிருந்து இறங்கி ரெண்டு காலிலும் ஒண்ணா தரையைத் தொட்டு, உடனே மேலே குதிங்க. இப்போ வீடியோவை ஸ்லோ மோஷனில் பாருங்க.

முட்டி ரெண்டும் உள்பக்கமாக ஒன்றை ஒன்று முத்தம் கொடுக்கப் பார்க்குதா? 'தட்'டுனு சத்தம் வருதா? கால் விறைப்பாகவே இறங்குதா? அப்படின்னா உங்க பிரேக்குக்கு சர்வீஸ் தேவை.

சரியான இறக்கம் எப்படி இருக்கும்? முன்பாதம் முதலில், பிறகு குதிகால். முட்டியும் இடுப்பும் மடங்கணும். முட்டி பாதத்துக்கு நேர் மேலே இருக்கணும். சத்தம் வரக்கூடாது. பூனை மதில்மேலிருந்து குதிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? அதேதான்! முதலில் ரெண்டு காலில் பழகி, அப்புறம் ஒற்றைக் காலில், கடைசியாக ஒருத்தர் தோளில் லேசாகத் தள்ளும்போது.

மண்டி போடு... முன்னாடி சாய்!

ஏ.சி.எல்-க்கு ஒரு அண்ணன் இருக்கார். தொடையின் பின்பக்கத் தசை, ஹாம்ஸ்ட்ரிங். கீழ்க்கால் எலும்பைப் பின்னாடி இழுக்கிறது இவர் வேலை. அண்ணன் பலமாக இருந்தா தம்பி மேல பாரம் குறையும். கண்ணாடியில் தெரியாத தசைங்கிறதால இவரை யாரும் கண்டுக்கிறதில்லை. வேகமாக ஓடும்போது 'பிடிச்சுக்கிச்சு'ன்னு தொடையைப் பிடிச்சுக்கிட்டு உட்காருறோமே, அதுவும் இவரோட கோபம்தான்.

இவருக்கான பயிற்சி 'நார்டிக்'. மெத்தையிலோ மடித்த துணியிலோ மண்டி போடுங்க. நண்பன் உங்க கணுக்காலை அழுத்திப் பிடிச்சுக்கட்டும். முட்டியிலிருந்து தலை வரை ஒரே கோடாக வைத்துக்கிட்டு, மெதுவாக முன்னாடி சாயுங்க. எவ்வளவு தூரம் தாக்குப் பிடிக்க முடியுமோ, பிடிங்க. முடியாதபோது கைகளை ஊன்றி இறங்கிடுங்க. அவ்வளவுதான்.

டென்மார்க்கில் 50 ஃபுட்பால் அணிகளில் 942 பேரைப் பிரித்து, பாதி அணிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான கணக்கு: செய்யாதவர்களிடம் 52 ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள், செய்தவர்களிடம் 15!

ஆனா ஒரு எச்சரிக்கை. முதல் நாளே 30 செய்தீங்கன்னா, மறுநாள் ஹாஸ்டல் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கணும்! அந்த டேனிஷ் வீரர்களே முதல் வாரம் ஒரே ஒரு நாள், அஞ்சு அஞ்சாக ரெண்டு செட்தான் செய்தாங்க. ரெண்டாவது வாரம் ரெண்டு நாள், ஆறு ஆறாக. அப்படியே படிப்படியா. மேட்சுக்கு முதல் நாள் புதுசா ஆரம்பிக்கவே வேண்டாம்.

வாரம் ரெண்டு நாள் போதும்

பலப் பயிற்சிக்கு வாரம் ரெண்டு நாள், நாளுக்கு 40 நிமிஷம் ஒதுக்குங்க. நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ஜிம் இல்லையா? மணல் மூட்டையும், டீம்மேட் முதுகும் இருக்கே!

* ஸ்குவாட்: நம்ம பஸ்கிதான். மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கிட்டு, நிதானமாக இறங்கி ஏறுங்க.
* லஞ்ச்: ஒரு கால் முன்னாடி நீட்டி வைத்து இறங்குவது. ரெய்டில் கால் நீட்டும்போது உடம்பு எந்த நிலையில் இருக்கோ, கிட்டத்தட்ட அதே நிலை.
* ஒற்றைக்கால் குனிதல்: ஒரு காலில் நின்று, மறு காலைப் பின்னாடி நீட்டி, இடுப்பிலிருந்து முன்னாடி குனிந்து எழுவது. பேலன்ஸும் பின்தொடையும் ஒரே கல்லில்.
* நார்டிக்: மேலே சொன்னது.
* தண்டாலும் புல்-அப்ஸும்: தள்ளுற பலத்துக்கு ஒண்ணு, இழுக்கிற பலத்துக்கு ஒண்ணு. கம்பியில் துண்டைப் போட்டுப் பிடித்துத் தொங்கினா பிடியும் இறுகும்.
* பிளாங்க்: நேராகவும் பக்கவாட்டிலும். இடுப்பு ஆடினா முட்டியும் ஆடும்.

எவ்வளவு வெயிட்? 'இன்னும் ரெண்டு தடவை செய்யலாம் போலிருக்கே'ங்கிற இடத்தில் நிறுத்துங்க. அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுங்க. முதல் ரெண்டு மூணு வாரம் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் நின்று பார்க்கட்டும். 'வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடும்'னு ஸ்கூல் தம்பிகளைப் பயமுறுத்துறவங்களுக்கு ஒரு வார்த்தை: சரியான மேற்பார்வையோடு செய்தா அப்படி எதுவும் ஆகிறதில்லைன்னு குழந்தை மருத்துவர்களின் அமைப்புகளே சொல்லியாச்சு.

மூச்சுக்கு? காலையில் 5 கிலோமீட்டர் மெதுவாக ஓடுறது அடித்தளம். அது மட்டும் போதாது. 20 செகண்ட் முழு வேகம், 40 செகண்ட் நடை... இப்படி எட்டுத் தடவை. உங்க ஆட்டம் எப்படி விட்டு விட்டு வெடிக்குதோ, ஓட்டமும் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. வருஷம் பூரா தூங்கிட்டு, ஸோனல் மேட்சுக்கு ரெண்டு வாரம் முன்னாடி கேம்ப் போட்டு, காலையும் மாலையும் பிழிஞ்சு எடுக்கிற பழக்கம் பல காலேஜ்களில் உண்டு. உடம்பு கந்துவட்டிக்காரன் மாதிரி. திடீர்னு மொத்தமா கடன் வாங்கினா, வட்டி காயமாகத்தான் வரும்.

தட்டும், தலையணையும்

தசை ஏறப் புரதம் வேணும். கடினமாகப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை. 65 கிலோ ஆள்னா நாளுக்கு 100 கிராம் பக்கம். ஆயிரக்கணக்கில் கொடுத்து டப்பா வாங்க வேண்டியதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம், அதே அளவு கொண்டைக்கடலையில் 20 கிராம் வரை. கூடவே பருப்பு, பால், மீன், கோழின்னு நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட்டா கணக்கு நேராகிடும். ஜிம்மில் யாரோ ஒரு அண்ணன் லேபிள் இல்லாத மாத்திரையை நீட்டினா, கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டுங்க. ஊக்கமருந்து டெஸ்டில் மாட்டுறது நீங்கதான், அவரில்லை.

தூக்கம்? பள்ளி விளையாட்டு வீரர்களிடம் நடத்தி 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினவங்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. ராத்திரி ரெண்டு மணி வரை ரீல்ஸ் பார்க்கிற ரெய்டர்கள் கவனிக்க!

ரொம்ப சீரியஸான ஒன்று. ஊர்ப் போட்டிகளில் 'இத்தனை கிலோவுக்குள்'னு எடை வைப்பாங்க. அதுக்காக ரெண்டு நாள் தண்ணி குடிக்காமல், வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடி எடை இறக்குறவங்களை நானே பார்த்திருக்கேன். நானும் செய்திருக்கேன். 1997-ல் அமெரிக்காவில் மூன்று காலேஜ் மல்யுத்த வீரர்கள் இப்படித்தான், ரப்பர் உடையில் சூடான அறையில் எடை இறக்கும்போது, 33 நாளுக்குள் அடுத்தடுத்து இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் அங்கே விதிகளையே மாத்தினாங்க. கப் அடுத்த வாரமும் வரும் பாஸ். அந்த எடை உங்களுக்கு ஒத்து வரலைன்னா, மேல் பிரிவில் ஆடுங்க.

ஒன்பது மாசம்!

என் கதையில் இன்னொரு பாதி இருக்கு. அதைச் சொல்லாமல் விட்டா இந்தக் கட்டுரை பொய்யாகிடும்.

ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாவது மாசம். வலி இல்லை. நடக்கிறேன், ஓடுறேன். ஸோனல் மேட்ச் வருது. "இன்னும் நாலு மாசம் பொறுப்பா"ன்னு பிசியோதெரபிஸ்ட் சொன்னார். எங்க பி.டி. சாரும், "வேணாம்டா"ன்னார். நான்தான் கேட்கலை. முட்டியில் பட்டையைச் சுத்திக்கிட்டு இறங்கினேன். மூணாவது ரெய்டு. அதே கால். அதே 'டக்!'

அதே 2016-ல் வெளியான ஒரு ஆய்வை ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாசம் வரை, திரும்ப ஆட வருவதை ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடும்போதும், மறுபடி முட்டி அடிபடும் அபாயம் பாதி பாதியாகக் குறையுதாம். வலி நின்னுடுச்சுங்கிறதும், ஜவ்வு தயாராகிடுச்சுங்கிறதும் வேற வேற. முட்டியில் சத்தம் கேட்டு, உடனே வீங்கினா, எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல் எலும்பு டாக்டரைப் பாருங்க. அவர் சொல்ற காலண்டரை மதியுங்க.

'கபடியெல்லாம் 25 வயசு வரைக்கும்தான்'னு சொல்றவங்க தஞ்சாவூர்க்காரர் தர்மராஜ் சேரலாதனை நினைத்துப் பாருங்க. 1975-ல் பிறந்தவர். 2016-ல் பாட்னா அணிக்குக் கேப்டனாக நின்று புரோ கபடி கோப்பையைத் தூக்கும்போது வயசு 41. 2019-ல் ஹரியானாவுக்கு ஆடும்போது 44! தன் வயசில் பாதி இருக்கிற பசங்களை அந்த மேட்டில் மடக்கிப் பிடித்தவர். உடம்பைக் காப்பாத்தி வைக்கிறவருக்கு ஆட்டம் ரொம்ப நீளம்.

இப்போ ஞாயிற்றுக்கிழமைகளில் எங்க பழைய கிரவுண்டுக்குப் போறேன். ஆட இல்லை, பார்க்க. போன வாரம் ஜூனியர் பசங்க பிராக்டீஸுக்கு முன்னாடி, வரிசையா படியில் ஏறி ஏறிக் குதிச்சுக்கிட்டு இருந்தாங்க. கேலரியில் உட்கார்ந்திருந்த ஒருத்தன், "என்னடா, சின்னப் புள்ளைங்க மாதிரி படியில குதிக்கிறீங்க?"ன்னு கலாய்ச்சான்.

ஒரு பொடியன் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னான்: "பிரேக் செக் பண்றோம்ணே!"

சொல்லிட்டுக் குதிச்சான். சத்தமே வரலை.